நோயாளியின் கட்டிலருகே

கொள்ளிடத்தின் வடகரையில், மண்ணச்சநல்லூரிலிருந்து திருவெள்ளறை வரை நீண்டு கிடக்கும் ஊர்களில், ஒரு வீட்டில் ஒருவர் நோயுற்றுப் படுத்தால் அச்செய்தி அன்று மாலைக்குள் தெரு முழுவதும் பரவிவிடும். செய்தியைத் தொடர்ந்து மக்களும் வருவர். ஒருவர் கையில் சாத்துக்குடி இருக்கும். இன்னொருவர் கையில் ரொட்டிப் பொட்டலம் இருக்கும். வெறுங்கையோடு நோயாளியைப் பார்க்கச் செல்லலாகாது என்பது நம் மண்ணின் வழக்கம். அவ்வழக்கத்தை நாம் போற்றுகிறோம்.

ஆயினும், கட்டிலருகே வந்து நின்றபின் என்ன செய்வது என்பது பலருக்கும் விளங்குவதில்லை. சிலர் தமக்குத் தெரிந்த மருந்துகளையெல்லாம் அடுக்கிச் சொல்வர். சிலர் அதே நோயால் இறந்துபோன தம் உறவினரின் கதையை, படுத்திருப்பவர் காதில் விழும்படியே விரித்துரைப்பர். வேறு சிலரோ வாசற்படியில் நின்று நலம் கேட்டுவிட்டு, உள்ளே வராமலே திரும்பிவிடுவர்.

கிறிஸ்தவக் குடும்பம் என்றால் இன்னொன்றும் உண்டு. பக்கத்து வீட்டு இந்து அன்னை நம் வீட்டாரை அழைத்து, "உங்கள் மாதாவிடம் எங்கள் பிள்ளைக்காகவும் ஒரு செபம் சொல்லுங்கள்" என்று கேட்கிறார். அந்நேரத்தில் நாம் என்ன செய்கிறோம்? "சாமியாரிடம் சொல்லிவிடுகிறேன்" என்று கூறி நழுவிவிடுவதும் எளிது. "எங்கள் கூட்டத்துக்கு வாருங்கள், நிச்சயம் குணமாகும்" என்று வாக்களிப்பதும் எளிது. முன்னது அன்பில் குறைந்தது. பின்னது உண்மையில் குறைந்தது. அன்பும் உண்மையும் ஒருங்கே அமைந்த வழி எது என்பதையே இம்மாதம் நாம் சிந்திக்க விழைகிறோம்.

ஆண்டவர் காட்டிய முறை

நற்செய்தி ஏடுகளைப் புரட்டினால், இயேசு நோயாளிகளை அணுகிய முறை ஒரே மாதிரியாக இருக்கவில்லை என்பதைக் காண்கிறோம். எரிக்கோ நகர்ச் சாலையோரத்தில் அமர்ந்திருந்த பார்வையற்றவரிடம் அவர் முதலில் கேட்டது, தாம் என்ன செய்யவேண்டும் என்று விரும்புகிறாய் என்பதே. பார்வையற்றவர் வேறு எதைக் கேட்கப்போகிறார்? இருந்தும் ஆண்டவர் கேட்டார். நோயாளியின் விருப்பத்தை அவர் வாயால் சொல்லக் கேட்பது, அவரை ஒரு மனிதராக மதிப்பதாகும்.

தொழுநோயாளி ஒருவர் முழந்தாளிட்டு மன்றாடியபோது, ஒரு சொல்லால் குணமாக்க வல்லவர், கையை நீட்டி அவரைத் தொட்டார். பல்லாண்டுகளாக மனிதக் கை படாதிருந்த உடல் அது. பேதுருவின் மாமியார் காய்ச்சலாய்க் கிடந்தபோது கையைப் பிடித்துத் தூக்கினார். காது கேளாதவரைக் கொணர்ந்தபோதோ, கூட்டத்தினின்று தனியே அழைத்துச் சென்று குணமாக்கினார். இவை யாவும் மாற்கு எழுதிய நற்செய்தியிலேயே காணக் கிடக்கின்றன.

கேட்டல், தொடுதல், தனியே அழைத்தல்: இம்மூன்றும் நாமும் செய்யக்கூடியவையே. குணமளிப்பது இறைவனின் செயல். இம்மூன்றையும் செய்ய நமக்கு எந்தத் தனி வரமும் தேவையில்லை.

தனியே அழைத்தல் என்பதன் பொருளை விளக்க நம் அருகிலேயே ஒரு நல்ல உவமை இருக்கிறது. திருச்சியிலிருந்து துறையூர் செல்லும் சாலையிலுள்ள திருவெள்ளறையில், பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்தில், ஏறத்தாழ 1,200 ஆண்டுகளுக்கு முன்னர் அகழப்பட்ட ஒரு பெருங்கிணறு உள்ளது. ஆலம்பாக்கத்தைச் சேர்ந்த கம்பன் அரையன் அதனை அமைத்தான் என்று கல்வெட்டுக் கூறுகிறது. மார்ப்பிடுகு பெருங்கிணறு என்பது அதன் பழம்பெயர். மக்கள் அதனை நாலுமூலைக் கேணி என்பர். நான்கு திசையிலிருந்தும் நான்கு படிக்கட்டுகள் வளைந்து இறங்குகின்றன. ஒரு துறையில் குளிப்பவரை மறு துறையில் நிற்பவர் காண இயலாது. நீர் ஒன்றே, ஆயினும் அவரவர் மானம் காக்கப்படுகிறது.

நம் செபக் குழுக்களும் இத்தகைய கேணியாக இருத்தல் வேண்டும். நோயாளி நம்மிடம் மனந்திறந்து சொல்வது பலவாக இருக்கலாம். கணவனின் குடிப்பழக்கம், மருமகளோடு உள்ள பிணக்கு, மார்பில் தோன்றிய கட்டியை வெட்கத்தால் மறைத்துவைத்த அச்சம் ஆகியவை செபத்தின்போதுதான் வெளிவருகின்றன. அவற்றை மறுநாள், "இன்னாருக்காகச் செபியுங்கள், அவருக்கு இன்ன நோய்" என்று பத்துப் பேர் நடுவே அறிவித்தால் அது செபமாகாது. புறங்கூறுதலுக்குச் செபத்தின் போர்வை போர்த்தியதாகும். பெயரைச் சொல்லுமுன் இசைவு கேட்போம். நோயைச் சொல்லவே வேண்டாம். இறைவன் அறிவார்.

குரு வந்தால் சாவு வருமா?

நம் குடும்பங்களில் இன்றும் நீங்காத அச்சம் ஒன்றுண்டு. பங்குக் குருவை எண்ணெயோடு வீட்டுக்கு அழைத்தால் நோயாளி பயந்துவிடுவார் என்பது அது. "அப்பா இன்னும் நினைவோடுதான் இருக்கிறார், இப்போது எதற்கு?" என்று பிள்ளைகள் தயங்குவர். நினைவு தப்பிய பின்னர், நள்ளிரவில் பங்கு இல்லத்தின் கதவைத் தட்டுவர். அதற்குள் அந்தத் தந்தை, தம் வாயால் பாவசங்கீர்த்தனம் செய்யவும், தம் நாவில் நற்கருணை பெறவும் இருந்த வாய்ப்பை இழந்துவிடுகிறார்.

இவ்வச்சத்துக்கு ஒரு காரணம் உண்டு. நெடுங்காலமாக இந்த அருட்சாதனத்தை அவஸ்தைப் பூசுதல் என்றே அழைத்து வந்தோம். சாகும் தறுவாயில் மட்டுமே தரப்படுவது என்ற எண்ணமும் வேரூன்றிவிட்டது. 1963 ஆம் ஆண்டு டிசம்பர் 4 ஆம் நாள், இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத்திரட்டு, இதனை நோயில் பூசுதல் என்று அழைப்பதே பொருத்தம் என்றது. உயிர் பிரியும் நிலையில் உள்ளோருக்கு மட்டும் உரியதன்று என்றும் தெளிவுபடுத்தியது. 1972 இல் திருத்தந்தை ஆறாம் பவுல் புதிய சடங்குமுறையை ஏற்படுத்தினார். நோயாளியின் நெற்றியிலும் கைகளிலும் எண்ணெய் பூசப்படுகிறது. ஒலிவ எண்ணெய் கிடைக்காத இடங்களில் வேறு தாவர எண்ணெயைப் பயன்படுத்தவும் அம்முறை இடமளித்தது.

நோயினாலோ முதுமையினாலோ ஆபத்து தொடங்கும் நிலையிலேயே இதனைப் பெறலாம். கடுமையான நோய்க்காகப் பெரிய அறுவைச் சிகிச்சைக்குச் செல்பவர், மருத்துவமனைக்குப் புறப்படுமுன்பே பெறலாம். உடல் மிகத் தளர்ந்த முதியவர், குறிப்பிட்ட நோய் ஏதுமின்றியும் பெறலாம். ஒருமுறை பெற்றவர் நலமடைந்து மீண்டும் நோயுற்றால், அல்லது அதே நோய் முற்றினால், மறுபடியும் பெறலாம். நோயாளி திருச்சபையின் மூப்பர்களை அழைக்கட்டும் என்று யாகப்பர் தம் திருமடலின் ஐந்தாம் அதிகாரத்தில் அறிவுறுத்துவது, படுக்கையிலிருந்தபடி அழைக்கும் நிலையிலுள்ள ஒருவரைக் குறித்தேயன்றோ?

இந்த அருட்சாதனத்தை நிறைவேற்றுபவர் குருவே. இல்லங்களில் பொதுநிலையினர் சொல்லும் செபம் வேறு, இது வேறு. திருத்தலங்களிலிருந்து நாம் கொணரும் எண்ணெயைப் பக்தியோடு பயன்படுத்துவதில் தவறில்லை. அதனையே நோயில் பூசுதல் என்று எவரும் மயங்கும்படி செய்யலாகாது.

பெயர் தெரியாத உபதேசியார்

அப்படியாயின், பொதுநிலையினருக்கு இதில் பங்கில்லையா? மறவர் நாட்டின் மறைப்பணி வரலாற்றில் இதற்கு ஒரு சிறந்த விடை கிடைக்கிறது.

அருளானந்தர் என்று நாம் அன்போடு அழைக்கும் புனித ஜான் தெ பிரிட்டோ அந்நாட்டில் பணியாற்றிய காலத்தில், தடியத்தேவர் என்னும் குறுநில மன்னர் கடும் நோயுற்றார். அருளானந்தரை அழைத்து வரும்படி ஆள் அனுப்பினார். அடிகளார் தாமே நேரில் செல்லாது, ஓர் உபதேசியாரை அனுப்பிவைத்தார். அந்த உபதேசியார் நோயாளியின் அருகே நின்று செபித்து, நற்செய்தி வாசகத்தை அவர்மேல் ஓதினார். தேவர் நலம் பெற்றார் என்று புனிதரின் வரலாறு கூறுகிறது. நலம் பெற்றவர் மறையைத் தழுவினார். பல மனைவியருள் ஒருவரோடு மட்டும் வாழ முடிவு செய்தார். விலக்கப்பட்டோருள் சேதுபதியின் உறவினர் ஒருவரும் இருந்தமையால் மன்னரின் சினம் மூண்டது. 1693 பிப்ரவரி 4 ஆம் நாள் ஓரியூரில் அருளானந்தர் தலை வெட்டப்பட்டார். 1947 இல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது.

ஓரியூரின் செம்மணலை நாம் அறிவோம். புனிதரின் பெயரைப் பிள்ளைகளுக்கு இடுகிறோம். கட்டிலருகே நின்று செபித்த அந்த உபதேசியாரின் பெயரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அவர் குரு அல்லர். மந்திரம் எதுவும் ஓதவில்லை. அனுப்பிய இடத்துக்குச் சென்றார், செபித்தார், திரும்பினார். அவ்வளவே. நம் பங்குகளில் மரியாயின் சேனையினரும் வின்சென்ட் தே பவுல் சபையினரும் வாரந்தோறும் வீடுகளையும் மருத்துவமனை வார்டுகளையும் நாடிச் செல்வது இந்த உபதேசியாரின் வழியிலேயாகும். குடும்பத் தலைவியும் பள்ளி மாணவனும்கூட இப்பணிக்குத் தகுதியுடையவரே.

குணம் கிடைக்காதபோது

இனி, கடினமான கேள்விக்கு வருகிறோம். செபித்தும் குணமாகாவிட்டால்?

"விசுவாசம் போதவில்லை" என்று ஒரு நோயாளியிடம் கூறுவதைப் போன்ற கொடுமை வேறொன்றில்லை. புற்றுநோயால் வாடும் ஒரு தாய், வலியோடு கூடுதலாக, தன் நோய்க்குத் தானே காரணம் என்ற குற்றவுணர்வையும் சுமக்கவேண்டுமா? திருத்தூதர் சின்னப்பர் தம் உடலில் தைத்த முள்ளை நீக்குமாறு மும்முறை மன்றாடினார். முள் நீங்கவில்லை, அதனைத் தாங்கும் அருள் கிடைத்தது. சின்னப்பருக்கு விசுவாசம் போதவில்லை என்று சொல்லத் துணிவோர் யார்? பிறவிக் குருடரைக் கண்ட சீடர்கள், இவர் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று கேட்டபோது, இரண்டுமில்லை என்றே ஆண்டவர் மறுமொழி கூறினார்.

நம் திருச்சி நகரின் நடுவே, தெப்பக்குளத்தருகில், லூர்து அன்னையின் ஆலயம் வானளாவ நிற்கிறது. அன்னை காட்சி தந்த லூர்து நகரில் நிகழ்வதைச் சற்று எண்ணிப்பார்ப்போம். 1858 முதல் இன்றுவரை அங்கு சென்ற நோயாளிகள் இலட்சக்கணக்கானோர். தாம் குணமடைந்ததாக அறிவித்து, அங்குள்ள மருத்துவக் குழுவின் ஏடுகளில் இடம்பெற்றோர் ஏழாயிரத்துக்கு மேற்பட்டோர். அவற்றுள் புதுமை என்று திருச்சபை ஏற்றுக்கொண்டவை எழுபதை ஒட்டியவையே. மருத்துவர்கள் ஆய்ந்து, ஆண்டுகள் பல காத்திருந்து, பின்னரே ஆயர் அறிவிக்கிறார். தாய்த் திருச்சபையே இத்துணைப் பொறுமை காட்டும்போது, ஒரே மாலையில் நூறு புதுமைகள் என்று பறைசாற்றுவோரிடம் நாம் சற்று விலகி நிற்பது அறிவுடைமை.

அப்படியானால் மற்ற இலட்சக்கணக்கானோர் வெறுங்கையோடு திரும்பினரா? இல்லை. முன்பின் அறியாத இளைஞர்கள் தம்மைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிச் சென்றதையும், நீராட்டியதையும், நோயாளிகளுக்கே முதலிடம் தரப்பட்டதையும் நினைவில் சுமந்து திரும்புகின்றனர். வேளாங்கண்ணிக்கு நடந்து செல்லும் நம் மக்களும் இதனை அறிவர். போகும் வழியில் கொப்புளம் கண்ட காலுக்கு எண்ணெய் தடவிவிடும் அந்நியரின் கையும் ஆரோக்கிய அன்னையின் கையே.

மாத்திரையும் மன்றாட்டும்

மருத்துவரை மதித்து நடக்கவேண்டும், அவரும் இறைவனால் உண்டாக்கப்பட்டவரே, மருந்தும் மண்ணிலிருந்து இறைவன் தந்ததே என்ற கருத்தைச் சீராக் ஆகமத்தின் 38 ஆம் அதிகாரம் கற்பிக்கிறது. ஆதலால் செபம் தொடங்கியதும் மாத்திரையை நிறுத்துவது விசுவாசமாகாது. இறைவன் தந்த கொடையைப் புறக்கணிப்பதாகும். காசநோய்க்கு வழக்கமான சிகிச்சை ஆறு மாதங்கள் நீடிக்கும். இரண்டு மாதத்தில் இருமல் தணிந்ததும் நிறுத்திவிட்டால், நோய் மருந்துக்குக் கட்டுப்படாத வகையாக மாறித் திரும்பக்கூடும். வீட்டிலுள்ள குழந்தைகளுக்கும் பரவக்கூடும். இன்சுலின் போடும் நீரிழிவு நோயாளி அதனைத் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. செபிக்கச் செல்வோர், "இன்றைய மாத்திரை சாப்பிட்டீர்களா?" என்று கேட்பதையும் தம் செபத்தின் ஒரு பகுதியாக்கிக்கொள்ளலாம்.

மனநோயைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். திருச்சிக்கு அருகேயுள்ள குணசீலம் பெருமாள் கோயிலுக்கு, மனம் பேதலித்தோரை அழைத்து வந்து ஒரு மண்டலம் தங்கவைக்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. நம்மவர் தூத்துக்குடி மாவட்டத்துப் புளியம்பட்டி அந்தோணியாரை நாடுவர். இசுலாமிய அன்பர்களோடு மற்றவரும் ஏர்வாடி தர்காவுக்குச் செல்வர். இவ்விடங்களுக்கெல்லாம் மக்களைக் கொண்டுசேர்ப்பது ஒரே நம்பிக்கையும் ஒரே களைப்புமே. 2001 ஆகஸ்டு 6 ஆம் நாள் விடியற்காலையில், ஏர்வாடியிலிருந்த ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தோர் ஓடித் தப்ப முடியவில்லை. 28 உயிர்கள் கருகின.

அந்த நாளை நாம் மறக்கலாகாது. 2017 ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயுற்றவரை எவ்வகையிலும் சங்கிலியிடுவதைத் தடைசெய்கிறது. கெரசேனர் நாட்டில் விலங்குகளாலும் சங்கிலிகளாலும் கட்டப்பட்டிருந்த மனிதரை ஆண்டவர் சந்தித்த பின்னர், அவர் ஆடையுடுத்தி, தெளிந்த மனத்தோடு அமர்ந்திருந்தார் என்று மாற்கு எழுதுகிறார். கட்டுவது நம் ஆண்டவரின் வழியன்று. மகனுக்கோ மகளுக்கோ மனம் கலங்கிய அடையாளம் தெரிந்தால், பேய் என்று முடிவுகட்டுமுன் மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். 2022 இல் தொடங்கப்பட்ட 14416 என்னும் இலவசத் தொலைபேசி எண்ணில் தமிழிலேயே ஆலோசனை கேட்கலாம். மருத்துவமும் தொடரட்டும், திருத்தலப் பயணமும் தொடரட்டும். ஒன்று மற்றொன்றை விலக்க வேண்டியதில்லை.

குணமளிக்கும் வழிபாடுகளைப் பற்றி, விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 2000 ஆம் ஆண்டு செப்டம்பர் 14 ஆம் நாள் ஒரு விதிமுறை வெளியிட்டது. பின்னர் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் ஆன கர்தினால் இராட்சிங்கர் அதில் ஒப்பமிட்டார். இத்தகைய வழிபாடுகளில் மறைமாவட்ட ஆயரின் விதிகள் பேணப்படவேண்டும். வெறியூட்டலும் நாடகப் பாங்கும் பரபரப்பும் கூடா. பேயோட்டும் மன்றாட்டுகளைத் திருப்பலியோடு கலத்தலாகாது என்பன அதன் சாரம். அமைதியாக நடைபெறும் செபம் வலுக்குறைந்த செபம் என்று எண்ணவேண்டாம்.

பிற சமயத்தவர் அழைக்கும்போது

பக்கத்து வீட்டு அன்னையின் வேண்டுகோளுக்கு இப்போது விடை காண்போம். அவர் அழைத்தால் செல்லலாம், செல்லவேண்டும். நூற்றுவர் தலைவன் தன் பணியாளனுக்காக மன்றாடியபோது, அவன் யூதனல்லன் என்பது ஆண்டவருக்குத் தடையாக இருக்கவில்லை. பத்துத் தொழுநோயாளிகள் நலம் பெற்றனர். நன்றி சொல்லத் திரும்பியவர் ஒருவரே, அவரும் சமாரியர். திரும்பாத ஒன்பதின்மரின் நலத்தை ஆண்டவர் திரும்பப் பெற்றுக்கொண்டதாக நற்செய்தியில் இல்லை.

நம் செபத்துக்கும் விலைச்சீட்டு இருத்தல் ஆகாது. துன்பத்தில் தளர்ந்திருக்கும் நேரத்தை வாய்ப்பாகக் கொண்டு, "எங்கள் சமயத்துக்கு வந்தால் குணமாகும்" என்பது முறையன்று. வற்புறுத்தலையும் தகாத தூண்டுதலையும், குறிப்பாக எளியோரிடத்தும் வறியோரிடத்தும், தவிர்க்குமாறு சமயச் சுதந்திரம் பற்றிய சங்க ஏடு 1965 லேயே நமக்கு அறிவுறுத்தியுள்ளது. நம் நம்பிக்கையை நாம் மறைக்கவேண்டியதில்லை. இயேசுவின் பெயராலேயே செபிக்கிறோம். ஆனால் முதலில் இசைவு கேட்கிறோம். அவர்கள் வீட்டுப் பூசை மாடத்தை மதிக்கிறோம். செபம் முடிந்ததும் அவர்கள் தரும் காப்பியை அருந்திவிட்டு, அயலாராகவே வீடு திரும்புகிறோம்.

மறக்கப்பட்ட இன்னொருவர்

ஒவ்வொரு நோயாளிக்கும் பின்னே இன்னொருவர் நிற்கிறார். பக்கவாதத்தால் படுத்த மாமியாரை ஆண்டுக்கணக்கில் புரட்டிப் படுக்கவைக்கும் மருமகள். மனவளர்ச்சி குன்றிய பிள்ளையின் தாய். மணம் வேண்டாமென்று பெற்றோருக்காகத் தங்கிவிட்ட மகள். நாம் நோயாளியைப் பார்த்துவிட்டு, அவர் தந்த காப்பியைக் குடித்துவிட்டு வருகிறோம். அவர் கடைசியாக ஞாயிறு திருப்பலிக்கு வந்தது எப்போது என்று கேட்டதுண்டா? அவர் முழு இரவு தூங்கியது எப்போது?

இரண்டு மணி நேரம் அக்கட்டிலருகே நாம் அமர்ந்தால், அவர் கோயிலுக்குப் போய்வரலாம், அல்லது கதவைச் சாத்திக்கொண்டு உறங்கலாம். நூற்று ஐம்பத்து மூன்று மணிச் செபமாலையை அந்த இரண்டு மணி நேரத்தில் நாம் மெல்லச் சொல்லி முடிக்கலாம். அவரது உறக்கமும் நமது செபமாலையும் ஒரே காணிக்கையாக இறைவனிடம் சேரும்.

இம்மாதம் என்ன செய்யலாம்?

திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1992 இல் ஏற்படுத்திய உலக நோயாளர் நாளை, லூர்து அன்னையின் திருநாளான பிப்ரவரி 11 இல் 1993 முதல் கொண்டாடி வருகிறோம். அந்நாள் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஒவ்வொரு குடும்பமும் இம்மாதம் ஒரு நோயாளியைத் தெரிந்துகொள்ளட்டும். செல்லுமுன் எந்நேரம் வசதி என்று கேட்கட்டும். சென்றபின் நாற்காலியை இழுத்துப்போட்டு அமரட்டும். நின்றபடி பேசுபவர் புறப்படும் எண்ணத்தோடு இருக்கிறார் என்று நோயாளிக்குத் தெரியும். பேசுவதைவிட மிகுதியாகக் கேட்கட்டும். "செபிக்கலாமா?" என்று வினவி, இசைந்தால் கையைப் பற்றிச் சுருக்கமாகச் செபிக்கட்டும். நற்கருணை வேண்டுமா, குருவைக் காண விருப்பமா என்று அறிந்து பங்கு இல்லத்தில் தெரிவிக்கட்டும். அடுத்து வரும் நாளைச் சொல்லி, சொன்ன நாளில் தவறாது செல்லட்டும். முதல் வாரம் வருவோர் பலர். ஆறாவது மாதத்தில் வருவோரே அரியர்.

என்ன சொல்லிச் செபிப்பது என்று தயங்குவோர் இவ்வாறு சொல்லலாம்: "ஆண்டவரே, இவர் படும் வலியை நீர் அறிவீர். இவரை உம் கையில் வைக்கிறோம். நலம் தாரும். நலம் தாமதித்தால் பொறுமையும் துணையும் தாரும். மருத்துவருக்குத் தெளிவையும், பணிவிடை செய்வோருக்குப் பலத்தையும் தாரும். நாங்கள் இவரைத் தனியே விடாதிருக்க எங்களுக்கு மனம் தாரும். ஆமென்."

இந்த மன்றாட்டின் கடைசி வரியை நிறைவேற்றும் பொறுப்பு நம்முடையது.